பதினேழாம் பாத்திக்குத் தண்ணீர்

நாட்டில் மக்காச்சோளம் எவ்வளவு விளையப்போகிறது என்பதை, அது விளைவதற்கு ஒரு மாதம் முன்பாகவே சொல்லிவிடுகிற துறை ஒன்று இருக்கிறது. அதில் நான் பதினோரு வருஷமாகக் கதிர் எண்ணுகிறேன். பணி ஆணையில் என் பதவியின் பெயர் ஒன்றரை வரிக்கு ஓடும். என் அக்கா அதை ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். "உன் தம்பி என்ன பண்றான்?" என்று யாராவது கேட்டால், "எண்ணுறான்" என்பாள்.

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். நான் தலைகுனிய வேண்டிய இடங்கள் இந்தக் கதையில் நிறைய இருக்கின்றன. அந்தப் பெருமையிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

எங்கள் வேலைமுறை சுலபமானது. நாடு முழுக்க நாற்பது மாதிரிப் பாத்திகள். ஒவ்வொன்றும் யாரோ ஒரு விவசாயியின் வயலுக்கு நடுவில், பத்தடிக்குப் பத்தடி. நான்கு மூலையில் முளைக்குச்சி, சுற்றிலும் சிவப்பு நாடா. அதற்குள் எத்தனை செடி, செடிக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை மணி என்று எண்ணிப் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். தலைமை அலுவலகத்தில் அதை நாட்டின் மொத்தச் சோளப் பரப்பால் பெருக்குவார்கள். பெருக்குவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதன் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் இரண்டு புள்ளி பூஜ்யம் என்று சொல்லக்கூடிய மனிதர்.

என் பொறுப்பில் இருந்தது பதினேழாம் பாத்தி.

போன வருஷம் மழை ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. முதல் எண்ணிக்கைக்குப் போனபோது பாத்தியில் இருபத்தாறு செடிகள் முழங்கால் உயரத்தில் சுருண்டு நின்றன. கதிர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 'கதிர்களின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டு அனுப்பினேன். நான்காம் நாள் படிவம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் 'முழுமையற்றது' என்று எழுதியிருந்தது. தசமத்துக்கு போன் செய்தேன்.

"சார், கதிரே இல்ல சார். அதான் பூஜ்யம் போட்டேன்."

"பூஜ்யம்ங்கறது எண்ணிக்கை இல்லப்பா. எண்ணினாத்தான் எண்ணிக்கை. நீ எண்ணவே இல்லையே."

"எண்றதுக்கு அங்க ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப நீ எண்ணல. அதைத்தானே நானும் சொல்றேன்."

போனை வைத்த பிறகு அவர் பேச்சில் எங்கே ஓட்டை என்று வெகுநேரம் தேடினேன். அகப்படவில்லை. இரண்டாம் தடவை கட்டத்தில் ஒரு கோடு இழுத்து அனுப்பினேன். 'கோடு எண் ஆகாது' என்று வந்தது. மூன்றாம் தடவை 'எல்லாம் காய்ந்துவிட்டது' என்று ஓரத்தில் எழுதினேன். கட்டத்துக்கு வெளியே எழுதியதற்கு விளக்கம் கேட்டார்கள்.

நான்காம் தடவை போனபோது உச்சி வெயில். மூலையில் இருந்த ஒரு செடி மண்ணைப் பார்த்து வளைந்திருந்தது. என் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. பாதியைக் குடித்துவிட்டு மீதியை அதன் அடியில் ஊற்றினேன். பார்க்கப் பாவமாக இருந்தது, அதனால் ஊற்றினேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அந்தப் படிவம் இன்னொரு தடவை திரும்பி வந்துவிடக் கூடாது என்ற பயம்.

மறுநாள் வண்டியில் இரண்டு கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு போனேன். அப்புறம் தினமும் போனேன். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். ஒடிசலான மனிதர், கழுத்தில் ஒரு துண்டு. "என்ன சார், புண்ணியமா?" என்று கேட்டார். "ஆபீஸ் வேலை" என்றேன். தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதத்தில் கதிர் வைத்தது. எண்ணினேன். முப்பத்தொன்று. படிவம் திரும்பி வரவில்லை. அதற்குப் பதில் தலைமை அலுவலகத்திலிருந்து நேரில் வரச்சொல்லி ஆள் வந்தது.

இயக்குநரின் அறைச் சுவரில் நாட்டின் வரைபடம் ஒன்று தொங்கும். முழுக்க மக்காச்சோள மணிகளை ஒட்டிச் செய்தது. மேற்கு மாவட்டங்களை வண்டு தின்றுவிட்டது. தரையில் கிடந்த மாவைக் கூட்டித் தள்ள யாருக்கும் அதிகாரம் இல்லாததால் அது அப்படியே கிடந்தது. வரைபடத்துக்குக் கீழே இயக்குநர், அவருக்குப் பக்கத்தில் தசமம்.

"மத்த முப்பத்தொம்பது பாத்தியும் முழுமையில்லாம வந்திருக்கு. உங்களோடது மட்டும்தான் சரியா வந்திருக்கு. எப்படி?" என்றார் இயக்குநர்.

அடித்துக் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டேன். "சார், தண்ணி ஊத்தினேன் சார். நான் பண்ணினது தப்புதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுல என்ன தப்பு?" என்றார் இயக்குநர். "மாதிரிங்கறது நாட்டோட கண்ணாடி. கண்ணாடியில தூசி படிஞ்சா தொடைக்க மாட்டோமா? நீங்க தொடைச்சிருக்கீங்க. இத்தனை வருஷமா இந்த யோசனை ஏன் நமக்கு வரலைன்னுதான் நான் பாக்கறேன்."

தசமம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "வறட்சியால பயிர் பாதிக்கலாம் சார், அது இயற்கை. ஆனா வறட்சியால நம்ம புள்ளிவிவரம் பாதிக்கப்படக் கூடாது. அது நிர்வாகம்."

அதே வாரம் சுற்றறிக்கை வந்தது. 'மாதிரிப் பாத்திகளை எண்ணத்தக்க நிலையில் பேணுதல்' என்பது தலைப்பு. நாற்பது பாத்திக்கும் தண்ணீர் லாரி, கம்பி வேலி, மேலே நிழல் வலை, வேலிக்கு வெளியே குடையோடு ஒரு காவலாளி. கிளிக்குப் பயந்து ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு சோளக்கொல்லை பொம்மை நிறுத்தினோம். ஆய்வுக்கு வந்த குழு, அனுமதி இல்லாத நபர் ஒருவர் பாத்திக்குள் நிற்பதாகக் குறிப்பு எழுதியது. அதற்குப் பிறகு பொம்மையின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டோம். தற்செயலாக மழை பெய்துவிட்டால் அதைத் துறையின் தண்ணீராகக் கொள்வதா, வெளித் தண்ணீராகக் கொள்வதா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்குக் குழு போட்டார்கள். மழை வராததால் குழுவுக்கு இன்னும் வேலை வரவில்லை.

பதினேழாம் பாத்தி தளதளவென்று நின்றது. நாடாவுக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காய்ந்த தட்டை. லாரி வரும் நேரத்துக்கு விவசாயி வரப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் குழாயின் மூட்டில் தண்ணீர் கசிந்தது. அவர் எழுந்து வந்து, கால் பெருவிரலால் மண்ணைக் கீறித் தன் பக்கத்துச் செடிக்கு ஒரு சின்ன வாய்க்கால் போட்டார்.

"அண்ணே, அப்படிச் செய்யக் கூடாது. இது மாதிரிக்கு வந்த தண்ணி" என்றேன்.

"கீழ போறதுதானே சார். ஒரு நாலு வரிசைக்காவது பாயட்டுமே."

"வெளிய பாஞ்சா மாதிரி கெட்டுடும்ணே. மேல கேப்பாங்க."

அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வயலு எப்படி இருக்குன்னு பாக்கத்தானே சார் இதை வச்சீங்க?"

எனக்குப் பதில் தெரியும். ஆமாம் என்பதுதான் பதில். அதைச் சொல்லாமல் செருப்புக் காலால் அந்த வாய்க்காலை மூடினேன். ஒரு விரல் அகலம்கூட இருக்காது. எத்தனையோ செய்திருக்கிறேன், தூக்கத்தில் வருவது அந்த வாய்க்கால்தான்.

அறிக்கை வெளியாகும் நாளன்று எங்கள் துறையில் ஒரு சடங்கு உண்டு. எண் முன்கூட்டியே கசிந்துவிடக் கூடாது என்பதற்காக அதிகாரிகள் எல்லாரையும் ஓர் அறைக்குள் வைத்து வெளியே பூட்டிவிடுவார்கள். போன்கள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். சன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டுவார்கள். உள்ளே இருப்பதை வெளியே இருப்பவர் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒட்டிய காகிதம், வெளியே இருப்பதை உள்ளே இருப்பவர் பார்க்க முடியாமலும் செய்தது. சிறந்த பாத்திக்காரன் என்று அந்த வருஷம் என்னையும் உள்ளே விட்டார்கள்.

பெருக்கல் பத்து நிமிடத்தில் முடிந்தது. மீதி இரண்டு மணி நேரமும் இரண்டாம் தசம இடத்துக்குப் போனது. நாற்பத்தொன்று புள்ளி ஏழு மூன்றா, ஏழு நான்கா? ஏழு நான்கு என்றால் மிகைப்படுத்தல் ஆகிவிடும், மக்களை ஏமாற்றக் கூடாது என்று தசமம் மேசையைத் தட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்த்த மட்டில் அவர் நேர்மையான மனிதர்.

எழுந்து நின்று கேட்டேன். "சார், பாத்திக்கு வெளிய எல்லாம் காஞ்சு கிடக்கு சார். அதைப் பத்தி ஒரு வரி போடலாமா?"

"வெளியன்னா?"

"நாடாவுக்கு அந்தப் பக்கம் சார்."

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "நாடாவுக்கு அந்தப் பக்கம் நாம எண்ணறோமா?"

"இல்ல சார்."

"எண்ணாததைப் பத்தி சொன்னா அது வதந்தி. நாம அரசாங்கத் துறை. வதந்தி பரப்பறது நம்ம வேலையா?"

உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை விளைச்சல் முன்னறிவிப்பு வெளியானது. நாற்பத்தொன்று புள்ளி ஏழு மூன்று லட்சம் டன். அமோகம்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று சத்தியம் செய்யத் தயார். அக்காவிடம் முந்நூறு முட்டைக் கோழிகள். மாமா லாரியை எடுத்துக்கொண்டு போனால் வாரக் கணக்கில் வரமாட்டார், கோழி முழுக்க அவள் பாடு. கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் மக்காச்சோளம் வாங்கிக் கூரைவரை அடுக்கிவிடுவாள். கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் அதுதானே.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். "நல்லவேளை வந்த. இந்த வருஷம் சோளம் அமோகம்னு ரேடியோல சொன்னாங்களே, நெஜமாடா? சோளம் தாராளமா கெடைக்கும்னா நான் எதுக்கு இந்த ரூமை அடைச்சு வைக்கணும்? இதுலயும் முந்நூறு குஞ்சு விடலாம்னு இருக்கேன். வேணுங்கறப்ப வேணுங்கற சோளம் வாங்கிக்கலாம்ல?"

அவள் ஏற்கெனவே அறையைக் காலிசெய்து சுண்ணாம்பு அடித்திருந்தாள். கையில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அறிக்கை அப்படித்தான்க்கா சொல்லுது."

"ரேடியோக்காரன் சொல்றது கெடக்கட்டும். நீ எண்ணுறவன். நீ சொல்லு."

நான் சொன்ன பதில் இதுதான்: "நாற்பத்தொன்று புள்ளி ஏழு மூன்று."

"அவ்வளவு துல்லியமாவா?" என்று வாயைப் பிளந்தாள். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

அந்த வாரமே அறையில் முந்நூறு குஞ்சு விட்டாள். அறுவடை மாதத்தில் சந்தைக்குச் சோளம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தீவனக் கடைக்காரர் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அக்கா தவிட்டைப் போட்டுப் பார்த்தாள், கீரையை அரிந்து போட்டுப் பார்த்தாள். முட்டை நின்றது. பசி அதிகமாகி ஒரு கோழி இன்னொரு கோழியைக் கொத்தத் தொடங்கியது. சுண்ணாம்பு அடித்த அறை முழுக்க இறகும் ரத்தமுமாக இருந்தது. கடைசியில் கறிக்கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள்.

கூண்டு வண்டி வந்த அன்று நானும் போயிருந்தேன். "நீ சும்மா நிக்காம ஏத்தறதை எண்ணு. உனக்குத்தான் நல்லா வரும்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம். எண்ணினேன். ஐந்நூற்று எண்பத்திரண்டு. கால் ஊனமான ஒரு கோழியைக் கறிக்கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கொட்டகையில் மீதி ஒன்று. எங்கள் படிவத்தில் எழுதியிருந்தால் முழுமையானது என்று ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

நாட்டில் சத்தம் கிளம்பியது. விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு நாற்பது பாத்திகளிலும் அறுவடையை எடைபோட்டு, முன்னறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தது. வித்தியாசம் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு சதவீதம். துறையின் வரலாற்றிலேயே இவ்வளவு துல்லியம் வந்ததில்லை. அதற்காக ஒரு பாராட்டு விழா எடுத்தார்கள். விழாவில் இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார்.

"நம்ம கணிப்பு தப்புன்னு சிலர் சொல்றாங்க. கணிப்பு தப்பே இல்ல. பாத்தியில என்ன சொன்னோமோ அது அப்படியே விளைஞ்சிருக்கு. நாங்க எங்க கடமையைச் செஞ்சிட்டோம். நாடுதான் மாதிரி மாதிரி நடந்துக்கல. இனிமேலாவது விவசாயிகள் நம்ம பாத்தியைப் பாத்துக் கத்துக்கணும். வேலிக்கு வெளிய நின்னு பாக்கறதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே."

கைதட்டல் அடங்கியதும் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பரிசு, பதினேழாம் பாத்தியில் விளைந்த ஒரு கதிர். அதற்குத் தங்க நிறச் சாயம் பூசிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியை என் வாயருகே நீட்டினார்கள். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது.

"மொதல்ல தண்ணி ஊத்தினது நான்தாங்க" என்றேன். கைதட்டினார்கள். "வயல்ல எல்லாம் காஞ்சு போச்சு, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்தியை மட்டும் நனைச்சேன்." இன்னும் பலமாகத் தட்டினார்கள். "நான் செஞ்சது பெரிய தப்புங்க" என்றபோது முன்வரிசை எழுந்து நின்றது. இயக்குநர் என் தோளை அணைத்து, "இந்தத் தன்னடக்கம்தான் நம்ம துறை" என்றார். ஒப்புக்கொள்ளவும் முடியாத இடத்தில் வேலை செய்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

விழா முடிந்ததும் பெட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கொட்டகை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஊனக் கோழி காலருகே கிடந்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், கேன், லாரி, காலால் மூடிய வாய்க்கால், பூட்டிய அறை. இங்கே யாரும் கைதட்டவில்லை.

"ஒரு செடி வாடி நின்னா நானும்தான் ஊத்தியிருப்பேன். அதுக்காடா இப்படி உருகற?" என்றாள் கடைசியில்.

எனக்கு மூச்சு வந்தது. அவள் பெட்டியைத் திறந்து கதிரை எடுத்துக் கோழிக்கு முன்னால் போட்டாள். கோழி ஒரு கொத்துக் கொத்திவிட்டு, அலகைத் தரையில் தேய்த்தது. சாயம் பிடிக்கவில்லை. அக்கா மடியில் கதிரை வைத்துக்கொண்டு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். நானும் எதிரே உட்கார்ந்து மறுமுனையில் சுரண்டினேன். சாயம் செதில் செதிலாக வந்தது. உள்ளே நல்ல மஞ்சள். பதினாறு வரிசை, வரிசைக்கு முப்பத்தெட்டு. பழக்க தோஷம், எண்ணிவிட்டேன். சுத்தமான மணிகளை உதிர்த்துப் போட்டாள். கோழி தின்றது.

"சரி, அடுத்த வருஷம் எப்படி இருக்கும்? திரும்ப ஒரு அம்பது குஞ்சாவது விடலாம்னு பாக்கறேன்" என்றாள், கதிரிலிருந்து கண்ணெடுக்காமல்.

இத்தனைக்குப் பிறகும் என்னிடம்தான் கேட்கிறாள். வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"தெரியலக்கா."

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். சுண்ணாம்பு அடித்த அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.